விலைச்சீட்டை மறைத்துவிட்டுத் தடியைக் கையில் எடுங்கள்

போன பெப்ரவரியில் கனடாவின் மார்க்கம் (Markham) நகரில் இருந்து என் மச்சான் தொலைபேசியில் அழைத்தான். "அத்தான், 700 டொலர் சேர்த்து வைச்சிருக்கிறன். ஃபிளை ஃபிஷிங் தடி ஒண்டு வாங்கோணும். எது நல்லது?"

"எந்த ஆத்துக்கு? எத்தனை அடி தூரம் வீசப் போறாய்?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "அது தெரியாது அத்தான். கடையில 650 டொலர் தடி ஒண்டு காட்டினவை. அதுக்கு மேல ஆயிரத்துக்கும் இருக்காம்."

பேச்சு ஒன்றரை மணி நேரம் நீண்டது. அன்று அவனுக்குச் சொன்னதை ஒழுங்குபடுத்தி, விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். தடி வாங்கக் காசு எடுத்து வைத்திருக்கும் வேறு யாருக்காவது உதவும்.

நான் ஒன்ராறியோவில், கிச்சினர் நகரில் இருக்கிறேன். மீன் பிடிப்பது பெரும்பாலும் கிராண்ட் ஆற்றில், ஃபெர்கஸ், எலோரா என்ற ஊர்களின் பக்கம். முதல் வருடம் நான் வாங்கிய தடி 900 டொலருக்குக் கிட்ட. "இதை வாங்கினால் இனி வேறு தடி தேவைப்படாது" என்று விற்றவர் சொன்னார். அந்தத் தடியோடு ஜூன் மாதத்து மாலை ஒன்றில் ஃபெர்கஸில் தண்ணீருக்குள் நின்றேன். கேடிஸ் பூச்சிகள் ஆற்றின் மேல் பறக்கின்றன. எனக்கு 25 அடி முன்னால் ஒரு பிரவுன் ட்ரவுட் மீன் திரும்பத் திரும்ப மேலே வந்து பூச்சியை எடுக்கிறது. நான் வீசுகிறேன், நூல் குவியலாகப் போய் விழுகிறது. பலமாக வீசினால் தண்ணீரில் அறைகிறது. மீன் போய்விட்டது. தடி என் கையில் விறகுக் கட்டை போல இருந்தது.

பக்கத்தில் நின்ற வயதான ஒருவர் தன் தடியைக் கொடுத்து வீசிப் பார்க்கச் சொன்னார். பழைய தடி, கைப்பிடித் தக்கையில் குழிகள் விழுந்திருந்தன. மூன்றாவது வீச்சிலேயே, நூல் நுனியில் கட்டிய போலி ஈ பஞ்சு விழுவது போல விழுந்தது. விலையைக் கேட்டேன். என் தடியின் விலையில் நாலில் ஒரு பங்குகூட இல்லை. அவருடைய தடி ஏன் அந்த இடத்தில் வேலை செய்தது, என்னுடையது ஏன் செய்யவில்லை என்று புரிந்துகொள்ள எனக்கு இரண்டு பருவம் எடுத்தது.

முதலில் அடிப்படை ஒன்று. சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டோ இரையோதான் பாரம். அது பறந்து போக, தங்கூசி அதன் பின்னால் இழுபட்டுப் போகும். ஃபிளை ஃபிஷிங்கில் இறகும் நூலும் கட்டிய போலி ஈக்கு ஏறத்தாழப் பாரமே கிடையாது. பாரம் இருப்பது தடித்த, மெழுகுத் திரி போன்ற நூலில். தடி வீசுவது அந்த நூலைத்தான். நூல் பின்னால் நீண்டு தடியை வளைக்க வேண்டும், வளைந்த தடி நிமிர்ந்து நூலை முன்னால் அனுப்ப வேண்டும். ஆக, எத்தனை கிராம் நூல் வெளியில் இருக்கிறது, அதற்கு இந்தத் தடி எவ்வளவு வளைகிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

தடியில் 4, 5, 6 என்று ஓர் இலக்கம் போட்டிருப்பார்கள். அது நூலின் பாரத்துக்கான இலக்கம். நூலின் முதல் 30 அடி எவ்வளவு பாரம் என்பதை வைத்து அது முடிவாகிறது. 5ஆம் இலக்க நூல் என்றால் முதல் 30 அடி 140 கிரெயின், அதாவது 9 கிராம். 4ஆம் இலக்கம் 120 கிரெயின், ஏறத்தாழ 7.8 கிராம். 6ஆம் இலக்கம் 160 கிரெயின், 10.4 கிராம். நூலுக்கு இப்படி ஓர் அளவு இருக்கிறது. தடிக்கு அப்படி எதுவும் இல்லை. 5 என்று எழுதியிருக்கும் இரண்டு தடிகளில் ஒன்று இளசாகவும் மற்றது முரடாகவும் இருக்கலாம். தயாரித்தவர் எது சரி என்று நினைத்தாரோ அதுதான் இலக்கம்.

இப்போது நான் நின்ற இடத்துக் கணக்கைப் பாருங்கள். மீன் 30 அடியில் என்றே வைத்துக்கொள்வோம். தடி முன்னால் நீட்டி நிற்பது 9 அடி. நூலின் நுனியில் கட்டும் லீடர் என்ற மெல்லிய தங்கூசி 9 அடி. மிச்சம் 12 அடி. தடி நுனிக்கு வெளியில் இருக்கும் நூல் அவ்வளவுதான். அதுவும் நூலின் மெல்லிய முன்பகுதி. 9 கிராமுக்கென்று எழுதிய தடி, ஏறத்தாழ 3 கிராம் பாரத்தோடு வேலை செய்கிறது. 60, 70 அடி வீசுவதற்கென்று விறைப்பாகச் செய்த தடி 3 கிராமுக்கு அசையுமா? அசையாது. அந்த வயதான மனிதரின் இளசான தடி அசைந்தது.

ஆகவே தடியைப் பார்க்கப் போகும் முன் உங்கள் தூரத்தை அளந்துகொள்ளுங்கள். தடி இல்லாதவர் எப்படி அளப்பது என்று மச்சான் கேட்டான். போகப் போகிற ஆற்றுக்கு ஒரு நாள் சும்மா போய் நில்லுங்கள். மற்றவர்கள் எவ்வளவு தூரத்தில் மீன் பிடிக்கிறார்கள் என்று கவனியுங்கள். தடி இருப்பவர் நூலில் 20, 30, 40, 50 அடியில் நீர் அழிக்காத மார்க்கரால் கோடு போடுங்கள். மீன் கடித்த ஒவ்வொரு தடவையும் எந்தக் கோடு வெளியில் இருக்கிறது என்று பாருங்கள். நான் ஒரு பருவம் முழுக்க இதைக் குறித்து வைத்தேன். பெரும்பாலானவை 40 அடிக்குள். 25இல் இருந்து 35 வரைதான் அதிகம். 60 அடிக்கு அப்பால் கடித்தவற்றை ஒரு கையில் எண்ணிவிடலாம்.

கிராண்ட் ஆறு ஏன் இப்படி என்றும் சொல்ல வேண்டும். பெல்வுட் ஏரியின் ஷாண்ட் அணை 1942இல் கட்டி முடிந்தது. அணையின் அடியில் இருந்து குளிர்ந்த தண்ணீர் வெளியேறுவதால்தான் வேனிலிலும் கீழ்ப்பகுதியில் ட்ரவுட் உயிர் பிழைக்கிறது. 1989இல் இருந்து பிரவுன் ட்ரவுட் குஞ்சுகளை விட்டு வருகிறார்கள். ஆறு அங்கே அகலமானது, ஆனால் ஆழம் குறைவு, இடுப்பளவு தண்ணீரில் நடந்து மீனுக்குக் கிட்டப் போகலாம். கிட்டப் போக முடிகிற ஆற்றில் தூர வீச்சு தேவையில்லை. அல்பேர்ட்டாவில் போ (Bow) ஆற்றில் மீன் பிடிப்பவருக்குக் கதை வேறு. பெரிய ஆறு, திறந்த வெளி, காற்று. அவருக்கு 6ஆம் இலக்கத்தில் விறைப்பான தடி நியாயமானது. ஒன்ராறியோவிலேயே கிரெடிட் ஆற்றின் மேற்பகுதிக்குப் போனால், சீடர் மரங்கள் தலைக்கு மேல் கவிந்திருக்கும். அங்கே 15 அடி வீசினாலே பெரிய வீச்சு. 7 அடியில் 3ஆம் இலக்கத் தடி போதும். கண்ணாடி இழைத் தடியாக இருந்தால் இன்னும் இனிமை. அது மெதுவாக, அடிவரை வளையும்.

சரி, தூரம் தெரிந்துவிட்டது. அடுத்தது நூல். மச்சானிடம் நான் அழுத்திச் சொன்னது இதைத்தான். தடியில் 200 டொலர் குறைத்து, அதில் ஒரு பகுதியை நல்ல நூலுக்குப் போடு. மலிவுத் தடியில் நல்ல நூல் போட்டால் மீன் பிடிக்கலாம். விலையுயர்ந்த தடியில் வெடித்து, சுருண்டு, மிதக்காத நூல் போட்டால் ஒன்றும் நடக்காது. அதோடு இன்னொரு விஷயம். விறைப்பான தடிகள் சந்தையில் நிறைந்துவிட்டதால், நூல் செய்பவர்கள் பலர் 5 என்று எழுதிய நூலை அரை இலக்கமோ ஒரு முழு இலக்கமோ கூடிய பாரத்தில் செய்கிறார்கள். பெட்டியின் பின்பக்கம் கிரெயின் கணக்கு சிறிய எழுத்தில் இருக்கும், வாசியுங்கள். இல்லாவிட்டால் சமையலறைத் தராசு இருக்கிறது. நூல் நுனியில் இருந்து 30 அடி அளந்து, அதை மட்டும் சுருட்டித் தராசில் வைத்தால் போதும். என்னிடம் இருந்த ஒரு "5ஆம் இலக்க" நூல் 10 கிராமுக்கு மேல் காட்டியது. அதாவது அது கிட்டத்தட்ட 6. அந்த நூலோடு ஒரு தடியைச் சோதித்து "நன்றாக வளைகிறது" என்று நினைத்து வாங்கி, வீட்டில் வேறு நூல் போட்டால் ஏமாற்றம்தான்.

அதனால் கடைக்குப் போகும்போது உங்கள் ரீலையும் (நூல் சுற்றும் உருளை) உங்கள் நூலையும் கொண்டு போங்கள். எல்லாத் தடியிலும் அதே ரீல், அதே நூல், அதே லீடர். மூன்றில் ஒன்று மாறினாலும் தடிகளை ஒப்பிட முடியாது.

கடைக்குள் நின்று தடியை ஆட்டிப் பார்ப்பார்கள், எல்லோரும் செய்வது அது. ரீலும் நூலும் இல்லாமல் ஆட்டினால் விறைப்பான தடி எப்போதுமே மேலாகத் தோன்றும். அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். ஆனால் அந்த ஆட்டத்தில் இரண்டு விஷயம் அறியலாம். ஒன்று, தடியைக் கிடையாகப் பிடித்து ஒரு தடவை சுண்டி, கையைச் சட்டென்று நிறுத்துங்கள். நுனி எத்தனை தடவை துள்ளி அடங்குகிறது என்று பாருங்கள். நல்ல தடி இரண்டு மூன்று துள்ளலில் அடங்கும். நெடுநேரம் நடுங்கும் தடியில் அந்த நடுக்கம் அப்படியே நூலுக்குப் போய் அலையாகும், தூரத்தையும் குறியையும் கெடுக்கும்.

இரண்டாவது நுனிப் பாரம். தடியின் மொத்தப் பாரம் எத்தனை அவுன்ஸ் என்று விளம்பரத்தில் பெரிதாகப் போடுவார்கள். அது அவ்வளவு முக்கியமில்லை. கைப்பிடியில் இருக்கும் பாரம் உங்கள் கைக்குள் இருக்கிறது, அதை நீங்கள் சுழற்றுவதில்லை. 8 அடிக்கு அப்பால் நுனியில் இருக்கும் ஒவ்வொரு கிராமையும் நாள் முழுக்கச் சுழற்றுகிறீர்கள். சம்மட்டியைத் தலைப்பக்கமாகப் பிடித்து ஆட்டுவதற்கும் பிடிப்பக்கமாகப் பிடித்து ஆட்டுவதற்கும் உள்ள வித்தியாசம் இது. தராசில் கூடிய பாரம் காட்டும் தடி கையில் இலேசாக இருப்பதும், இலேசான தடி மாலையில் மணிக்கட்டை நோக வைப்பதும் இதனால்தான்.

வீட்டில் செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. வில்லியம் ஹானமன் என்ற அமெரிக்கர், தடிகளின் பலத்தை அமெரிக்க ஒரு சதக் காசுகளால் அளக்கும் முறை ஒன்றை உருவாக்கினார். 1982க்குப் பின் வந்த அந்தக் காசு ஒன்று 2.5 கிராம், எங்கும் கிடைக்கும், எல்லாருக்கும் ஒரே அளவு. தடியின் கைப்பிடியைக் கிடையாக மேசையோடு இறுக்கி, நுனியில் ஒரு சிறு பையைத் தொங்கவிட்டு, தடி நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு நுனி கீழிறங்கும்வரை காசு போட வேண்டும். 9 அடித் தடிக்கு அது 3 அடி. எத்தனை காசு என்பதுதான் தடியின் பலம். இதில் எனக்குப் பிடித்தது, யாருடைய கருத்தும் தேவையில்லை என்பது.

கனடாவில் சதக் காசு புழக்கத்திலேயே இல்லை. நான் அரிசி போட்டேன். ஒரு சிறிய பிளாஸ்டிக் பை, அதற்குள் கொஞ்சம் கொஞ்சமாகச் சம்பா, பிறகு பையோடு தராசில். என்னிடம் இருந்த இரண்டு 9 அடி, 5ஆம் இலக்கத் தடிகளை இப்படி அளந்தபோது, அந்த 900 டொலர் தடிக்கு மற்றதைவிடக் கால் பங்கு கூடுதலாக அரிசி தேவைப்பட்டது. இரண்டிலும் 5 என்றுதான் எழுதியிருந்தது. இரண்டு வருடமாக என் கை சொல்லிக்கொண்டிருந்ததை அன்றைக்குத் தராசும் சொன்னது.

இத்தோடு இன்னொரு சொல்லையும் தெளிவாக்கிவிடுகிறேன். 'ஃபாஸ்ட்', 'மீடியம்', 'ஸ்லோ' என்பார்கள். அது பலத்தைக் குறிப்பதில்லை, தடி எங்கே வளைகிறது என்பதைக் குறிக்கிறது. ஃபாஸ்ட் என்றால் நுனிப் பகுதியில் வளைவு, ஸ்லோ என்றால் கைப்பிடி வரை வளைவு. இதற்கும் பொதுவான அளவுகோல் கிடையாது. ஒருவரின் மீடியம் இன்னொருவரின் ஃபாஸ்ட். எழுதியிருப்பதை நம்பாமல் வளைத்துப் பாருங்கள்.

இனி உண்மையான சோதனை. போன வருடம் ஏப்ரலில், பருவம் தொடங்கும் முன், வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பள்ளிக்கூட மைதானத்தில் இதைச் செய்தோம். நானும் ஆற்றில் பழக்கமான இரண்டு நண்பர்களும். நான்கு தடிகள், எல்லாம் 9 அடி, 5ஆம் இலக்கம், நான்கு துண்டு. விலை 130, 280, 550, 1,100 டொலர். இரண்டு எங்களுடையவை, இரண்டு இரவல். எழுத்துகளின் மேல் கறுப்பு மின்னாடா (மின்கம்பிக்குச் சுற்றும் ஒட்டுநாடா) ஒட்டினோம். கைப்பிடித் தக்கையின் தரம் விரலுக்குத் தெரிந்துவிடும் என்பதால் பருத்திக் கையுறை போட்டோம். தடியை எடுத்துக் கொடுத்தது என் மகள். எந்தத் தடி எது என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். தாளில் எண்களை எழுதியதும் அவள்தான்.

புல்லில் 20, 30, 40, 60 அடியில் கடதாசித் தட்டுகளை வைத்தோம். தூண்டில் முள்ளுக்குப் பதில் சிவப்புக் கம்பளி நூல் துணுக்கு. ஒவ்வொரு தட்டுக்கும் பத்து வீச்சு. தட்டில் விழுந்தால் இரண்டு புள்ளி, ஒரு அடிக்குள் விழுந்தால் ஒன்று.

20 அடித் தட்டில்தான் பெரிய வித்தியாசம் தெரிந்தது. அங்கே தடி நுனிக்கு வெளியில் நூல் கொஞ்சம்தான், வீச்சு முழுக்க லீடரை வைத்தே. எங்கள் மூன்று பேரின் தாளிலும் 280 டொலர் தடி முதலாவது. 30 அடியிலும் அதுவே. 40இல் 280உம் 550உம் சமம். 60 அடியில் 1,100 டொலர் தடி எல்லாவற்றையும் தாண்டியது. அன்று பின்னேரம் காற்றும் எழும்பியது. காற்றை எதிர்த்து வீசும்போது அந்தத் தடியில் நூலின் வளைவு குறுகலாக, கத்தி போலப் போனது. அழகான தடி அது. தூரமும் காற்றும் தேவைப்படுபவருக்கு அந்தக் காசு வீணில்லை. 130 டொலர் தடி நுனிப் பாரத்தால் பின்னுக்கு நின்றது. வீச்சை நிறுத்திய பிறகும் நுனி ஆடிக்கொண்டே இருந்தது. வீச்சு நேராகப் போகாமல் பக்கவாட்டில் விலகுவதையும் மூன்று பேரும் தனித்தனியாகச் சொல்லியிருந்தோம்.

மின்னாடாவை உரித்தபோது என் நண்பர் ஒருவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. தன்னுடைய 550 டொலர் தடியை அவர் மூன்றாவதாக வைத்திருந்தார்.

நான்கு தடி சேர்க்க முடியாதவர் இரண்டை வைத்துச் செய்யலாம். கடைகள் சில பின்பக்கத்துப் புல்லில் வீசிப் பார்க்க விடும், கேளுங்கள். அப்படி விட்டால், விற்பவர் உங்களை 70 அடிக்கு வீசச் சொல்வார். நீங்கள் 20 அடியில் தொடங்குங்கள். கூடிய நேரம் 30இல் செலவிடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு நாலைந்து வீச்சு வீசுங்கள், தடி எந்தக் கணத்தில் நூலின் பாரத்தை உணர்கிறது என்று கை சொல்லும். சொல்லவில்லை என்றால் அந்தத் தடி அந்தத் தூரத்துக்கு உரியதல்ல. பின்னால் இடமே இல்லாதது போல நினைத்து ரோல் வீச்சும் பாருங்கள். ஆற்றில் பாதி நேரம் முதுகுக்குப் பின்னால் மரம்தான் இருக்கும். ரோல் வீச்சில் நூல் பின்னால் நீள்வதில்லை, தடி தானாக வளைந்து கொடுக்க வேண்டும். புல்லில் ரோல் வீச்சு சரியாக வராது, தண்ணீரின் பிடி வேண்டும். பக்கத்தில் ஒரு குளம் இருந்தால் அங்கே போவது நல்லது.

வீசுவதோடு தடியின் வேலை முடிவதில்லை. மீன் மாட்டிய பிறகும் ஒரு வேலை இருக்கிறது. பலர் இதைச் சோதிப்பதே இல்லை. கோடையில் தண்ணீர் தெளிந்து குறையும்போது நான் 6எக்ஸ் தங்கூசி கட்டுவேன். அதன் விட்டம் ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் ஐந்து பங்கு. கணக்கு எளிது, 11இல் இருந்து எக்ஸ் எண்ணைக் கழித்தால் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்று வரும். தலைமயிர் போன்ற அந்தத் தங்கூசியை, 18 அங்குல பிரவுன் ட்ரவுட் திடீரென்று ஓடும்போது அறுபடாமல் காப்பது தடியின் நுனிதான். வேலிக் கம்பியில் 6எக்ஸ் தங்கூசியைக் கட்டி, 20 அடி பின்னால் நின்று தடியைத் தூக்கி வளையுங்கள். மெதுவாக ஒருமுறை, வெடுக்கென்று ஒருமுறை. கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், அறுந்த தங்கூசி முகத்துக்கு வரும். என் 900 டொலர் தடி இரண்டாவது இழுப்பிலேயே அறுத்தது. கிராண்ட் ஆற்றில் பிடித்து விட்டுவிட வேண்டிய பகுதிகளில் செதில் (முள்ளின் நுனியில் பின்னோக்கி நீட்டி நிற்கும் கூர்) இல்லாத ஒற்றை முள்தான் அனுமதி. செதில் இல்லாத முள் கழராமல் இருக்க நூல் ஒரு கணமும் தொய்யக் கூடாது. மீன் தலையை உதறும்போதெல்லாம் வளைந்தும் நிமிர்ந்தும் இழுவிசையைச் சீராக வைக்கும் தடி வேண்டும். விறைத்த தடியில் நான் இழந்த மீன்களில் பாதி இதனால்தான் போயின என்று இப்போது நினைக்கிறேன்.

கட்டுமானத்தைப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை. நுனி வளையத்தை விட்டு மற்ற வளையங்களை எண்ணுங்கள், 9 அடித் தடிக்குக் குறைந்தது ஒன்பது இருக்க வேண்டும். குறைந்தால் நூல் இடையில் தொய்ந்து தடியில் உரசும். துண்டுகளைப் பொருத்தி, கைப்பிடியில் இருந்து ஒரு கண்ணால் பாருங்கள், வளையங்கள் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று. பொருத்துகள் இறுகும்போது கடைசியில் ஒரு சிறு இடைவெளி இருப்பது நல்லது, தேயத் தேய இறங்க இடம் வேண்டும். ரீலைப் பூட்டும் திருகை ஈரக் கையால் திருகிப் பாருங்கள். பழைய தடி வாங்குவதானால் வளையங்களுக்குள் பஞ்சை இழுங்கள், கீறல் இருந்தால் பஞ்சு சிக்கும். பொருத்துகளின் விளிம்பில் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று வெயிலில் பாருங்கள். அப்படித் தேடி வாங்கிய பழைய தடி ஒன்றுதான் இன்று நான் அதிகம் பாவிப்பது.

அப்புறம், காசு எதற்குப் போகிறது என்பதையும் தெரிந்து வைத்திருப்பது நல்லது. 1973இல் ஃபென்விக் நிறுவனம் முதல் கிராஃபைட் (கார்பன் இழை) தடிகளை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது அது புதுமை. இன்று கார்பன் இழை துணியைக் கம்பியில் சுற்றிச் சூட்டில் இறுக்கும் அந்த வேலையை ஆசியாவின் தொழிற்சாலைகளும் நன்றாகவே செய்கின்றன. 250 டொலர் தடியில் இருந்து 1,000 டொலர் தடிக்குப் போகும்போது கூடுதல் காசில் ஒரு பங்கு நல்ல இழைக்கும் பிசினுக்கும் போகிறது, அது நுனியை இலேசாக்கும், நடுக்கத்தைக் குறைக்கும். இன்னொரு பங்கு வெடிப்பில்லாத போர்த்துக்கல் தக்கைக்கும், மினுங்கும் மரத்துக்கும், அமெரிக்கக் கூலிக்கும். மற்றொரு பங்கு ஆயுள்கால உத்தரவாதத்துக்கு. அடுத்தவர் காரின் கதவில் வைத்து உடைக்கும் தடியின் செலவும் நீங்கள் கொடுக்கும் விலைக்குள் இருக்கிறது. உத்தரவாதம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு திருத்தத்துக்கும் தனியாக ஒரு கட்டணம் வாங்குவார்கள். அது எவ்வளவு, தடி திரும்பி வர எத்தனை வாரம் என்று வாங்கும் முன் கேளுங்கள். ஜூனில் உடைந்த தடி செப்டம்பரில் வந்தால் பருவமே போய்விடும்.

பருத்தித்துறையில் என் பெரியப்பா கைத்தூண்டிலுக்குத் தங்கூசி வாங்கும்போது கடைக்காரர் சொல்வதைக் கேட்கவே மாட்டார். ஒரு முழம் உருவி, இரண்டு கையிலும் சுற்றி, இழுத்துப் பார்ப்பார். பிறகு அதில் ஒரு முடிச்சுப் போட்டு மறுபடி இழுப்பார். முடிச்சில் அறுந்தால் அந்த உருளையைத் தள்ளி வைத்துவிடுவார். விலையைக் கேட்பது அதற்குப் பிறகுதான். சின்ன வயதில் நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். மைதானத்தில் தட்டுகளை வைத்துக்கொண்டிருந்தபோது அவருடைய கைகள்தான் ஞாபகம் வந்தன.

மச்சான் கடைசியில் என்ன செய்தான் என்று சொல்லிவிடுகிறேன். மார்ச்சில் இரண்டு சனிக்கிழமை கிச்சினருக்கு வந்தான். முதல் நாள் தடியைப் பற்றிப் பேசவே விடவில்லை, என் பழைய தடியால் வீசப் பழகினான். கை எதைக் கேட்கிறது என்று தெரியாதவருக்கு எந்தத் தடியையும் தெரிவு செய்ய முடியாது. இரண்டாவது சனிக்கிழமை மூன்று தடிகளை மின்னாடா ஒட்டிக் கொடுத்தேன். 30 அடித் தட்டில் அவன் கை ஒன்றில் மட்டும் நின்றது. 9 அடி, 4ஆம் இலக்கம், மீடியம். உரித்துப் பார்த்தால் 260 டொலர். நூலுக்கு 100, எளிமையான ரீலுக்கு 110. மிச்சக் காசில் மீன்பிடி அனுமதியும், அடியில் கம்பளிப் பட்டை வைத்த தண்ணீர்ச் சப்பாத்தும். ஃபெர்கஸின் பாசிக் கல்லில் அந்தச் சப்பாத்து இல்லாமல் நிற்க முடியாது.

"650 டொலர் தடியை விட்டது சரிதானே அத்தான்?" என்று போகும்போது கேட்டான்.

"அந்தத் தடியையும் ஒருக்கா கேட்டு வாங்கி 30 அடியில வீசிப் பார். அது நல்லாயிருந்தா மாத்து" என்றேன். அவன் உண்மையாகவே போய் வீசிப் பார்த்தான். மாற்றவில்லை.

ஜூன் முதல் வாரம் எலோராவுக்கு வருகிறான். 16ஆம் அளவு முள்ளில் கேடிஸ் ஈக்கள் இரண்டு டஜன் கட்டி வைத்திருக்கிறேன். மேமாதக் காற்றில் தூசி பிடித்த அவனுடைய நூலை வெதுவெதுப்பான சவர்க்காரத் தண்ணீரில் கழுவி எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன்.